கத்தரி விதைக்குப் போட்ட மண்

மண்ணைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று இருபத்தாறு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். காக்களூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன வார்ப்புப் பட்டறையில் நான் மோல்டர். உருக்கின இரும்பை ஊற்றுவதற்கு முன்னால், அது போய் உட்கார மணலில் அச்சு செய்கிறவன். எங்கள் மணல் சும்மா ஆற்று மணல் இல்லை. களிமண் தூள், நிலக்கரித் தூள், அளவாகத் தண்ணீர் எல்லாம் சேர்த்து மிக்சரில் அரைபட்டு வருவது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிவிட்டுத் திறந்தால், விரல் தடம் அத்தனையும் பதிந்து கொழுக்கட்டை மாதிரி அப்படியே நிற்க வேண்டும். இரண்டாக உடைத்தால் விளிம்பு உதிரக் கூடாது. மீட்டர் வைத்துச் சோதிக்கிற பசங்கள் வேலைக்கு வந்த பிறகும் சூப்பர்வைசர் என் கையைத்தான் நம்புவார். "பெர்சு, நீ ஒரு தபா பிடிச்சிப் பாரு" என்பார். நான் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் அன்றைய வேலை ஓடும். அந்தக் கையின் மேல் எனக்கு அவ்வளவு திமிர் இருந்தது.

என் மனைவி மாடியில் செடி வளர்த்தாள். மணவாள நகரில் நாங்கள் வாடகைக்கு இருப்பது கீழ் வீடு. மேல் வீட்டில் ஒரு பெண், மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறவள், தன் அம்மாவோடு இருக்கிறாள். அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே பழைய பெயின்ட் பக்கெட்டுகளில் தக்காளி, மிளகாய், ஒரு பந்தல் அவரை என்று ஒரு காய்கறிக் கடையே வைத்திருந்தாள். எங்கள் மகள் கல்யாணம் ஆகி ஓசூர் போன பிறகு அந்தக் கடை இன்னும் பெரிதானது.

எல்லாவற்றிலும் அவளுக்கு உசத்தி ஒரு கத்தரிக்காய். எட்டு வருஷத்துக்கு முன்னால் திருவள்ளூர் மார்க்கெட்டில் எதேச்சையாக வாங்கியது. வெளிர் பச்சையில் வெள்ளை வரி ஓடும், காம்பில் முள் இருக்கும், குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் கரையும். மறு வாரம் அதே கடைக்குப் போனாள், அந்தக் காய் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. முதல் தடவை வாங்கினதில் ஒன்று கூடைக்கு அடியில் மறந்துபோய் மஞ்சளாகப் பழுத்துக் கிடந்தது. அதைப் பிளந்து விதை எடுத்தாள். அன்றையிலிருந்து ஒவ்வொரு வருஷமும் ஒரு காயைப் பறிக்காமல் செடியிலேயே பழுக்க விட்டு, விதை எடுத்து, மறு வருஷம் போடுவாள். உலகத்தில் வேறு எங்கேயும் அந்தக் கத்தரி இல்லாத மாதிரிதான் பேசுவாள். இருந்திருக்கும். எங்களுக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

விதை போடுகிற காலத்தில் அவள் செய்கிற அமர்க்களத்தைப் பார்த்து நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். மாவு சலிக்கிற சல்லடையை மாடிக்கு எடுத்துப் போய்க் கம்போஸ்ட்டைச் சலித்துக்கொண்டிருப்பாள். "இன்னாமே, சப்பாத்தி சுடப் போறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செடி வளந்தப்புறம் எது போட்டாலும் துன்னும்யா. விதைக்கு அது ஆவாது. பொறந்த புள்ளைக்குப் பிரியாணி ஊட்டுவியா நீ?" என்றாள்.

நான் சிரித்துவிட்டு மேட்ச் பார்க்கக் கீழே இறங்கிவிட்டேன். இன்னும் ஒரு பத்து நிமிஷம் அங்கே நின்றிருந்தால், அவள் எதை எதோடு கலக்கிறாள், எவ்வளவு போடுகிறாள், எவ்வளவு எடுத்து வைக்கிறாள் எல்லாவற்றையும் பார்த்திருப்பேன். எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

போன தை மாதம் அவளுக்கு வயிற்றில் இருந்த வலிக்குப் பெயர் தெரிந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். ஆடியைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றார். வெளியே வந்தேன். "இன்னா சொன்னாரு?" என்றாள். மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் ஆகிறது, வா என்று முன்னால் நடந்தாள்.

மாசி பிறந்தபோது அவளால் மாடிப்படி ஏற முடியவில்லை. சாப்பாடும் குறைந்துவிட்டது. காலையில் அரை இட்லி, மத்தியானம் கஞ்சி. எதைச் செய்து கொடுத்தாலும் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். இன்னதுதான் வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த வருசம் விதையே போடல. நம்ம கத்தரிக்காயில ஒரு காரக்கொழம்பு வெச்சித் துன்னணும்யா. வேற ஒண்ணும் வேணாம்."

"போட்டுட்டாப் போச்சு. நான் போடறேன்" என்றேன்.

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுக்கச் சொன்னாள். பிரித்தால் தட்டைத் தட்டையாகச் சின்ன விதைகள், ஒரு சிட்டிகை இருக்கும். படுத்தபடியே சொன்னாள்: "மாடில மூட்டைல தேங்கா நாரு தூளு கீது. அத்த மூணு தண்ணி அலசு, உப்பு பூடும். மூலைல கறுப்பு டிரம்மு கீது பாரு, அதுல போன வருசத்துக் கம்போஸ்ட்டு. சலிச்சி, நாருல கொஞ்சமா கலந்துக்கோ. லூசா இருக்கணும்யா. வீரியம்லாம் வேணாம்."

"மண்ணப் பத்தி எனக்குச் சொல்றியாமே?" என்றேன்.

"உனக்குத் தெரியும்தான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அப்போது அது எனக்குப் பாராட்டாகத்தான் கேட்டது.

விதை போட்டதிலிருந்து காய் பறிக்க நூறு நாள் ஆகும் என்று பட்டறையில் ஒருவன் சொன்னான். நான் விரல் விட்டு எண்ணினேன். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. ஆடிக்கு முன்னால் வந்துவிடும், ஆனால் நடுவில் ஒரு தப்பு நடக்கக் கூடாது. முடிந்தால் பத்து நாள் முன்னாலேயே காய்க்க வைக்க வேண்டும். எங்கள் பட்டறையில் அவசர ஆர்டர் வந்தால் உலையின் சூட்டை ஏற்றுவோம். எனக்குத் தெரிந்த அவசரம் அதுதான். அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். எனக்கு அப்போது அண்டாவே கண்ணில் படவில்லை.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நார்த்தூள் கையில் எடுத்தால் கனமே இல்லை. அதில் சத்து ஒன்றும் கிடையாது என்று மூட்டையிலேயே போட்டிருந்தது. அதையும் மூன்று தண்ணீரில் அலசினால் மிச்சம் என்ன இருக்கும்? கறுப்பு டிரம்மைத் திறந்தேன். உள்ளே இருந்தது கறுப்பாகப் பொலபொலவென்று ஒரு நாற்றமும் இல்லாமல் ஜில்லென்று கிடந்தது. செத்த மண் என்று முடிவுகட்டி மூடிவிட்டேன்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது, ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் சொல்லிவைத்து ஒரு மூட்டை எரு எடுத்துவந்தேன். மூட்டைக்குள் கையை விட்டால் சுட்டது. சூடாக இருக்கிறதே, இதுதான் உயிருள்ள உரம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பட்டறையில் கேட்டு, மிக்சரிலிருந்து இறங்கின புது மணல் அரை மூட்டையும் வாங்கிக்கொண்டேன். இரும்பு ஊற்றி எரிந்துபோன கறுப்பு மணலைத் தொடவில்லை. நான் ஒன்றும் முட்டாள் இல்லையே! நல்ல மணலாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

இரண்டையும் சரிபாதியாகக் கலந்தேன். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்த்தேன். விரல் தடம் அச்சாக நின்றது. உடைத்தேன், விளிம்பு உதிரவில்லை. ஒரு மரப்பெட்டியில் கொட்டி, விதையைத் தூவி, மேலே இன்னொரு அடுக்கு போட்டு, பட்டறையில் செய்கிற மாதிரியே கட்டையால் இடித்து இறுக்கினேன். பழக்கம். மணலைப் பெட்டியில் கொட்டினால் என் கை தானாக இடிக்கும். கடைசியில் மேல்பக்கத்தைச் சட்டத்தால் வழித்துச் சமன் செய்தேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. கீழே வந்து, "போட்டாச்சு" என்றேன். பொட்டலத்தில் ஒரு விதை மிச்சம் வைக்கவில்லை.

ஏழாம் நாளிலிருந்து கேட்க ஆரம்பித்தாள். "மொளச்சிதா?"

"இன்னும் இல்லமே."

எட்டாம் நாள், ஒன்பதாம் நாள். பத்தாம் நாள் அவளுக்கு வலி அதிகம். இரவெல்லாம் முனகியிருந்தாள். காலையில் நாஷ்டா கொண்டுபோனபோது மறுபடி கேட்டாள். எப்படிச் சொல்ல வந்தது என்று தெரியவில்லை, "மொளச்சிடுச்சிமே" என்றேன்.

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. "எத்தினி?"

"பத்து, பன்னண்டு வந்துகீது."

"தண்டு ஊதாவா கீதா?"

"ஆமா, ஊதாதான்."

அன்றைக்கு ஒரு இட்லி முழுசாகச் சாப்பிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அன்றையிலிருந்து தொடங்கியது. தினமும் எவ்வளவு உயரம், எத்தனை இலை என்று கேட்பாள். நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். நடுவில் மாடியிலிருந்து எரு நாற்றம் கீழேவரை வந்தது. "இன்னாயா இது, கோழிப்பண்ணைல படுத்துகினு கீற மாரி கீது?" என்றாள். பக்கத்துக் காலியிடத்தில் யாரோ குப்பை கொட்டிவிட்டார்கள் என்றேன்.

பெட்டியில் மேல்பக்கம் வெயிலில் காய்ந்து செங்கல்லாக இறுகிவிட்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்காமல் குளமாக நின்றது. பதினெட்டாம் நாள், பங்குனி ஆரம்பம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் கவிழ்த்துத் தட்டினேன். முழுக் கட்டியாக விழுந்தது. உளியால் பிளந்தேன். பெரும்பாலான விதைகள் அழுகி இருந்த இடமே தெரியவில்லை. மூன்று விதை மட்டும் முளைத்திருந்தது. வெள்ளை வெளேரென்ற முளை, மேலே வர வழியில்லாமல் கட்டிக்குள்ளேயே வளைந்து வளைந்து ஓடி, நுனி கருகிச் செத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வயசான ஆம்பளை ஒருத்தன் மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும்? அழுதேன்.

துணி காயப் போட வந்த மேல்வீட்டுப் பெண் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணா, கல்லு கணக்கா கீது?" என்றாள்.

"அக்காகிட்ட சொல்லாதம்மா. உங்கம்மா மேல சத்தியமா சொல்லக் கூடாது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு நிஜத்தில் பொய் பேசவே வராது. வேலைக்குப் போகும் முன்னால் தினமும் ஜெபம் செய்துவிட்டுப் போகிற பெண்.

அன்றைக்கே கீழே இறங்கிப் போய், "நான் கெடுத்துட்டேன்மே" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஒரு இட்லி சாப்பிட்ட முகத்தைப் பார்த்தவனுக்கு அது வாயில் வரவில்லை. இப்படித்தான் எனக்கு நானே இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, மண்ணைப் பற்றி எனக்குச் சொல்றியா என்று கேட்டவன், அவளிடம் போய்த் தோற்றுப்போய் நிற்க வெட்கப்பட்டான்.

எங்கள் ஓனருக்குக் கும்மிடிப்பூண்டியில் இன்னொரு யூனிட் உண்டு. அச்சு மாதிரிகளை வண்டியில் அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அந்த வாரம் எனக்கு வந்தது. திரும்பும்போது புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். முள் கத்தரி நாற்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"வரிக் கத்திரி கீது நைனா. பச்சை, வெள்ளை வரி ஓடும். முள்ளு இருக்காது" என்றார் நர்சரிக்காரர்.

"காயி அதே மாதிரி இருக்குமா?"

"எதே மாதிரி?" என்றார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு மாதத்து நாற்று பத்து வாங்கினேன். தூக்கும்போது ஒன்று குழித்தட்டிலிருந்து கழன்று கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி நார்த்தூள். பழக்க தோஷத்தில் விரலால் அழுத்தினேன். அழுங்கியது. விட்டதும் மறுபடி விரிந்தது. எங்கள் பட்டறையில் இப்படி ஒரு மணல் வந்தால் லோடோடு திருப்பி அனுப்பிவிடுவேன். அதற்குள்ளே வெள்ளை வேர் நாலாபக்கமும் சுகமாக ஓடியிருந்தது. அவள் சொன்ன "லூசா இருக்கணும்" என்பது அப்போதுதான் என் கைக்குப் புரிந்தது. தலைக்கு அவள் எப்போதோ சொல்லிவிட்டிருந்தாள்.

இரண்டு நாற்றுகளைத் தயிர் கப்புகளுக்கு மாற்றி, மேலே நம் டிரம் கம்போஸ்ட்டைத் தூவி, மறுநாள் காலை அவள் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். தலையணையை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தேன். கப்பைக் கையில் வாங்கிக்கொண்டாள். தண்டைத் தடவினாள். ஒரு இலையை மெதுவாகத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் வருடினாள். ரொம்ப நேரம் வருடினாள்.

"நல்லா வந்துகீதுயா" என்றாள்.

"உன் விதையாச்சே" என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கப்பைத் திருப்பிக் கொடுத்தாள். "வெயில் படற எடமாப் பாத்து வை" என்றாள்.

நாற்றுகளைப் பெரிய பக்கெட்டுகளுக்கு மாற்றினேன். அப்போது கோழி எருவைக் கொஞ்சமாகக் கொடுத்தால் செடி தாங்கியது. அவள் சொன்ன மாதிரியே, வளர்ந்த பிறகு எல்லாவற்றையும் தின்றது. சித்திரைக் கடைசியில் பூ வந்தது. வைகாசியில் முதல் நாலு காய் பறித்தேன். நானே குழம்பு வைத்தேன். புளி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. கத்தரிக்காய் கரையவும் இல்லை, தோல் தனியாக நின்றது. குழையப் பிசைந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாவது வாயையும் வாங்கினாள்.

"எப்டிமே கீது?"

"அதே ருசிதான்யா" என்றாள்.

எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! மறுநாள் பட்டறையில் டீ குடிக்கும்போது எல்லோரிடமும் சொன்னேன். அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டேன், அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனிக் கடைசி வாரத்தில் போய்விட்டாள். அதற்கு நாலு நாள் முன்னால்வரை இரண்டு வாய் சோறு இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மகள் வந்திருந்தாள். காரியமெல்லாம் முடிந்து, தன் பிள்ளைகளைப் பார்க்க வேண்டுமே என்று அவளும் ஓசூருக்குக் கிளம்பிப் போனாள். வீட்டில் நான் மட்டும்.

அதற்கு அடுத்த ஞாயிறு, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த மேல்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள். கையில் ஒரு தைல டப்பா. நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"அக்கா குடுத்து வெச்சிதுண்ணா."

திறந்தேன். உள்ளே கத்தரி விதை. எண்ணிப் பார்த்தால் பதினொன்று.

"அக்கா எப்பவும் விதைய முழுசாப் போடாது, உங்களுக்குத் தெரியும்ல? பாதி போடும், பாதி எடுத்து வெக்கும். மழையோ எறும்போ வந்து கெடுத்துட்டா மறுபடி போட ஓணும்ல."

எனக்குத் தெரியாது. எட்டு வருஷம் ஒரே வீட்டில் நடந்தது, மேல்வீட்டுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"ஏன்மா இத்தினி நாளாக் குடுக்கல?" என்றேன்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீங்க நாத்து எடுத்துகினு வந்து காட்டின அன்னிக்கே அக்காவுக்குத் தெரியும்ணா. எலை அடியில முள்ளே இல்ல, இது என் செடி இல்லன்னு என்னாண்ட சொல்லிச்சி. எந்த ஊரு சுத்தி வாங்கிகினு வந்தாரோ, நீ ஒண்ணும் காட்டிக்காதன்னிச்சி. இந்த டப்பாவ தலைகாணி அடியிலதான் வெச்சிகினு இருந்திச்சி. அவரா வந்து, மொளைக்கலமே, இன்னா பண்றதுன்னு கேட்டாருன்னா எடுத்துக் குடுப்பேன், நானாக் குடுத்தா அவரு மொகம் செத்துப் பூடும்னு சொல்லிகினே இருந்திச்சி."

"எப்போ சொன்னா?"

"தெனம்ணா. நான் டூட்டிக்குக் கெளம்பறப்போ எட்டிப் பாப்பேன்ல, அப்போ கேக்கும், அவரு உன்னாண்ட எதுனா சொன்னாரான்னு. நான் இன்னாண்ணா சொல்லுவேன்? நீங்க ஒரு பக்கம் சத்தியம் வாங்கிட்டீங்க, அது ஒரு பக்கம் வாங்கிடுச்சி. சித்திரை வரைக்கும் கேட்டுகினு இருந்திச்சி. அப்புறம் கேக்கறத வுட்டுடுச்சி. கடைசியில டப்பாவ என்னாண்ட குடுத்து, நான் போனப்புறம் அவராண்ட குடுன்னிச்சி."

எனக்கு வந்த கோபம் அந்தப் பெண்ணின் மேல் பாய்ந்தது. உனக்கு அறிவில்லையா, சத்தியம் பெரிசா, சாகப்போகிறவள் பெரிசா என்று கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் நின்று கேட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியேறிப் போனாள். மறுநாள் காலை அவள் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க யார்கிட்டதான் கத்துவீங்க" என்றாள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. நார்த்தூள் மூட்டையை அவிழ்த்தேன். பக்கெட்டில் போட்டு ஊறவைத்து அலசினேன். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. இரண்டாவது டீத்தண்ணி. மூன்றாவது தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாக இருந்தது. பிழிந்து நிழலில் உலர்த்தினேன். கறுப்பு டிரம்மைத் திறந்து, செத்த மண் என்று நான் மூடிவைத்த கம்போஸ்ட்டை அள்ளினேன். முகர்ந்தால் முதல் மழை பெய்த வாசனை. சமையலறையிலிருந்து சல்லடையை எடுத்துவந்து சலித்தேன். நார் இரண்டு பங்கு, கம்போஸ்ட் ஒரு பங்கு, தண்ணீர் தேங்காமல் இருக்க ஒரு கை ஆற்று மணல். எரு எதுவும் இல்லை. தயிர் கப்புகளின் அடியில் ஓட்டை போட்டு நிரப்பினேன். என் கை தானாக அழுத்தப் போனது. இழுத்துக்கொண்டேன். கப்பைத் தரையில் லேசாக ஒரு தட்டு தட்டினால் போதும், தானே அமர்ந்தது. ஒரு கப்புக்கு ஒரு விதை. மேலே மெல்லிசாக ஒரு போர்வை. கையில் தண்ணீர் எடுத்துத் தெளித்தேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த விதைகள் முளைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அவள் பொத்திப் பொத்திக் காத்த கத்தரி அதோடு அழிந்தாலும் பரவாயில்லை, ஒன்றுகூட முளைக்கக் கூடாது. தலையணைச் சூட்டில் விதை கெட்டுப்போயிருக்கும், பங்குனியிலேயே கேட்டு வாங்கிப் போட்டிருந்தாலும் வந்திருக்காது என்று எனக்கு ஒரு சமாதானம் கிடைத்துவிடும். தினமும் காலையில் மாடிக்குப் போய், வெறும் கப்புகளைப் பார்த்து ஆறுதலோடு இறங்கி வந்தேன்.

ஆறாம் நாள் ஏழு கப்பில் தலை தூக்கியிருந்தது. எட்டாம் நாள் பதினொன்றும் வந்துவிட்டது. தண்டு ஊதாவாக இருந்தது. ஒன்றாவது ஏமாற்றும் என்று இன்னும் இரண்டு நாள் பார்த்தேன். எல்லாம் தளதளவென்று நின்றன.

பங்குனி ஆரம்பத்தில் அந்தக் கட்டியைப் பிளந்தேன். அன்றைக்கே கேட்டு வாங்கிப் போட்டிருந்தால் நூறு நாள் ஆனி நடுவோடு முடிகிறது. திரும்பத் திரும்ப எண்ணிவிட்டேன், கணக்கு மாறவில்லை. ஆனிக் கடைசி வரைக்கும் அவள் இருந்தாள். நான் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தின்றுவிட்டுத்தான் போயிருப்பாள்.